ஐஸ் பெட்டிக்கு ஊற்றும் பஃப், என் பழைய ஜென்னுக்குள்

ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. காரின் பாடிக்குள் பஃப், அதாவது பாலியூரித்தேன் நுரை, ஊற்றுகிற இந்த வேலை தொடங்கியது அங்கேதான்.

கார் 2001 மாடல் மாருதி ஜென். அப்பா புதிதாக வாங்கியது, இப்போது என் கையில். வீடு கடலூர், வேலை புதுச்சேரி. தினமும் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போய் வர இதைவிட லாயக்கான வண்டி எனக்குத் தெரியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. அந்த மழைத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி எங்கள் தெருவரை வந்துவிட்டது. கார் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. எஞ்சின் தப்பியது, தண்ணீர் கதவின் கீழ்விளிம்பு வரைதான். மேட்டையெல்லாம் கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டு, பிரேக்கைத் துடைத்து, ஆயிலை மாற்றி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் இடது முன்சக்கரம் பஞ்சர். ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்துச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை ரன்னிங் போர்டுக்குள் இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. கதவுகளுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற தகட்டைத்தான் எங்கள் பக்கம் ரன்னிங் போர்டு என்போம். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் வண்டி இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு பக்கச் சக்கரம் முதலில் ஏறினால் கதவு முனகும். வீட்டு கேட்டுக்குள் கோணலாக ஏற்றி நிறுத்தினால் பின்கதவு ஒரே தள்ளில் சாத்தாது. நான் கதவு பீடிங்கை மாற்றினேன், புஷ் மாற்றினேன், ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினேன். பணம் போனது, முனகல் போகவில்லை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் முதலில் போகும், பின்பக்கம் ஒரு கணம் கழித்து 'நானும் வரேன்' என்று வரும். சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கிற கூடே முறுக்கிக் கொடுக்கும்போது புது ஷாக் அப்சார்பரால் என்ன செய்ய முடியும்? ஸ்பிரிங் சுருங்க வேண்டிய இடத்தில் பாடி வளைந்துகொள்கிறது. பாடிக்கோ அதிர்வை அடக்க ஷாக் அப்சார்பர் கிடையாது.

இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் இல்லை. லாரிக்கும் ஜிப்ஸிக்கும் இருப்பதுபோல அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் ஓடாது. முக்கால் மில்லிமீட்டர் கனத் தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஸ்பாட் வெல்டு வைத்து இணைத்த கூடுதான் எல்லாம். அந்தக் கூட்டின் விறைப்பில் பெரும் பங்கு ரன்னிங் போர்டு இரண்டுக்கும். ஒரு தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை உருவிவிட்டு வெளியுறையை மட்டும் இரண்டு கையால் முறுக்கிப் பாருங்கள், சட்டென்று சாய்சதுரமாகி மடங்கிவிடும். உள்தட்டைச் செருகிவிட்டு முறுக்கினால் அதே அட்டை எதிர்த்து நிற்கும். உள்தட்டும் வெறும் அட்டைதான். ஆனால் சுவர்களை இடம்விட்டு நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

பாடிக்குள் நுரை ஊற்றுவதும் இதே வித்தைதான். இரும்பின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கலை ஒட்டியது. பாலியூரித்தேன் நுரையின் விறைப்பெல்லாம் மெகாபாஸ்கல் கணக்கு, ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அதனால் நுரை பாரம் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெல்லிய தகடு உள்ளே புடைத்தோ வெளியே புடைத்தோ மடங்கப் பார்க்கும்போது நுரை அதைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தகடு தன் முழுப் பலத்தையும் காட்டுவதற்குள் மடங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளும். கார் கம்பெனிகளும் இதைச் செய்கின்றன, வேறு வடிவத்தில்: பில்லர், அதாவது கூரையைத் தாங்கும் தூண், சேரும் இடங்களில் எப்பாக்ஸித் துண்டுகளை வைத்துவிடுவார்கள், பெயின்ட் அடுப்புச் சூட்டில் அது பொங்கி இடத்தை நிரப்பிக்கொள்ளும். ரேஸ் வண்டிக்காரர்கள் இரண்டு மருந்தைக் கலந்து ஓட்டை வழியாக ஊற்றுவார்கள். எனக்கு இரண்டாவது வழிதான்.

இந்தத் திட்டத்தோடு டிங்கர் அண்ணனிடம் போனேன். கார் பாடித் தகடு வேலை செய்கிறவர், சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரன்னிங் போர்டில் இரண்டு இடத்தில் குத்தினார். இரண்டு இடத்திலும் உள்ளே போனது.

“தம்பி, ஓட்டைப் பானைக்குள்ள மாவை அடைச்சா பானை ஆயிடுமா? முதல்ல தகடு. அப்புறம் உன் நுரையோ திரையோ.”

சரி, தகடுதான் முதலில். ஆனால் எனக்கு ஒரு ஆசை: எதனால் எவ்வளவு விறைப்பு கூடுகிறது என்று அளந்து பார்த்துவிட வேண்டும். 'வண்டி இப்ப ரயில் மாதிரி போகுது' என்று செலவு செய்தவன் சொல்வதை நானே நம்ப மாட்டேன்.

அளந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டு, பாடியின் பின்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டில் உட்காரவைத்தோம். முன்பக்கம் ஒரே ஒரு ஸ்டாண்டு, நடு மையத்தில், மேலே ஒரு உருண்டைக் கம்பித் துண்டு. முன் கிராஸ் மெம்பரோடு (பாடியின் குறுக்குச் சட்டம்) சேர்த்து ஒரு நீளமான சதுரப் பைப்பைக் குறுக்காகக் கட்டி, அந்தப் பைப்பின் மையம் உருண்டைக் கம்பி மேல் வரும்படி வைத்தோம். இப்போது கார் முன்பக்கம் சீசா மாதிரி. பைப்பில் மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இரண்டு சிமென்ட் மூட்டை, ஆக 100 கிலோ. மையத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி ஒரு டயல் கேஜ், நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் கருவி. லேத் பட்டறை நண்பரிடம் இரவல். பின் ஸ்டாண்டு பக்கத்திலும் ஒன்று, ஏனென்றால் ஸ்டாண்டும் தரையும் கொஞ்சம் அமுங்கும், அதைக் கழிக்க வேண்டும். விழுந்தால் தாங்க நான்கு பக்கமும் மரக்கட்டை. கட்டை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சீசாவுக்கு அடியில் கை நீட்டுகிற வேலை இது.

இது லேப் கணக்கு இல்லை. ஆனால் துருவோடு, தகடு மாற்றிய பின், நுரை ஊற்றிய பின் என்று மூன்று முறையும் அதே பைப், அதே மூட்டை, அதே இடம். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

துருப்பிடித்த நிலையில் முதல் அளவு: பாரத்தில் இறங்கியது 2.6 மில்லிமீட்டர். இது குறையக் குறைய விறைப்பு கூடியதாக அர்த்தம். மூட்டையை இறக்கினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 0.3-ல் நின்றது. எங்கோ ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடுத்து இரண்டு வாரம் டிங்கர் அண்ணனின் ராஜ்யம். இரண்டு பக்கமும் வெளித்தகட்டை வெட்டி எடுத்தார். உள்ளே இருந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது: ஒரு படி அளவுக்குத் துருப் பொடி, ஆற்று வண்டல், நடுவில் ஒரு காய்ந்த வேப்பங்குச்சி. தண்ணீர் வடிய கம்பெனி விட்டிருந்த ஓட்டைகள் ஆறும் அடைந்து, மேலே அண்டர்கோட்டிங் (வண்டியின் அடியில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு) வேறு. வருஷா வருஷம் அண்டர்கோட்டிங் அடித்து வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தது நான்தான். கீழிருந்து வரும் தண்ணீரைத் தடுத்தேன், மேலிருந்து வந்ததை உள்ளேயே பூட்டி வைத்தேன். கடலோர ஊரில் அது வெறும் தண்ணீரும் இல்லை, உப்பு.

புதுத் தகட்டை வைத்துச் சிஓ2 வெல்டிங். கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளியும் என்று அவரே மறுத்துவிட்டார். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை போட்டு நிரப்பி, இரண்டு ஸ்பாட்டுக்கு நடுவில் கூடுதலாக ஒரு பொட்டு. மூடுவதற்கு முன் உட்புறம் முழுக்க எப்பாக்ஸி பிரைமர். வெல்டிங் சூட்டில் கருகிய இடங்களுக்கு மட்டும் பிறகு ஓட்டை வழியாகக் குழாய் விட்டுத் தெளித்தோம். பெட்டிக்குள் வழக்கமாக அடிக்கும் மெழுகை அடிக்கக் கூடாது என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்லி வைத்தேன். மெழுகு இருந்தால் நுரை தகட்டோடு ஒட்டாது. ஒட்டாத நுரை உள்ளே கிடக்கிற தலையணைக்குச் சமம்.

இரண்டாவது அளவு: 1.7. மூட்டையை இறக்கியதும் முள் நேராகப் பூஜ்யத்துக்கு வந்தது.

அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போனேன். முனகல் அப்போதே போய்விட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது.

பஃப் ஊற்றுகிறவரைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போனால் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு ஐஸ் பெட்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் மிதவை அறைக்குள் நிரப்புவதும் இதே சரக்குதான். எனக்குக் கிடைத்தவர் முப்பது வருஷமாக ஐஸ் பெட்டி செய்பவர். விரல் நகங்கள் பழுப்பேறிக் கிடந்தன. காரியத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை.

“எங்க மருந்து உங்களுக்கு ஆகாது சார். ஐஸ் பெட்டிக்குச் சூடு உள்ள வரக்கூடாது, அதனால நல்லாப் பொங்கி லேசா நிக்கணும். உங்களுக்கு வேண்டியது கெட்டி மருந்து.”

பாலியூரித்தேன் நுரைக்கு இரண்டு திரவம். ஒன்று பாலியால், தேன் நிறம். இன்னொன்று ஐசோ, அதாவது ஐசோசயனேட், கருப்பட்டிப் பாகு நிறம். கலந்தால் சூடாகிப் பொங்கி இறுகும். குளிர்காப்புக்கு ஊற்றுவது ஒரு கன மீட்டருக்கு 35 முதல் 40 கிலோ எடை வரும். அடர்த்தி இரண்டு மடங்கானால் நுரையின் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலேயே ஏறும். அதனால் கட்டுமானத்துக்கு 100-க்கு மேல் வேண்டும். குளிர்க் குழாய்களைத் தாங்கும் கட்டைகள் செய்யக் கெட்டி ரகம் தனியாக வருகிறது. அவர் சொன்ன மாதிரி சென்னைக்குப் போய் பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் இரண்டு டப்பா வாங்கி வந்தேன்.

வண்டியில் ஊற்றுவதற்கு முன் சோதனை. பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஜென்னின் ரன்னிங் போர்டு கிடைத்தது. அதில் முப்பது சென்டிமீட்டர் அறுத்து, ஒரு முனையை எம்சீல் வைத்து அடைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்: 1.9 லிட்டர் பிடித்தது. வண்டியில் நான் நிரப்பப் போகும் நீளம் 125 செ.மீ., ஆக ஒரு பக்கத்துக்கு 7.9 லிட்டர். லிட்டருக்கு 120 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 950 கிராம் மருந்து. இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு கிலோகூட இல்லை. வண்டி முக்கால் டன். எடை கூடும் என்று பயந்தவர்களுக்கு இதுதான் பதில்.

அறுத்த துண்டுகளில் மூன்று ரகத்தையும் ஊற்றினேன். கதவு நிலை வைக்கும்போது இடுக்கில் அடிக்கும் டப்பா நுரையை முதலில் அடித்துப் பார்த்தேன், அது மலிவு, ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும் என்பதால். மூன்று நாள் கழித்து அறுத்தால் ஓரத்தில் காய்ந்து, நடுவில் பலாப்பழப் பிசின் மாதிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை வைத்து இறுகும் சரக்கு. மூடிய பெட்டிக்குள் ஈரம் எங்கே போய்ச் சேரும்? அப்புறம் ஐஸ் பெட்டி மருந்து, அப்புறம் கெட்டி மருந்து. ஒவ்வொன்றிலும் ஐந்து செ.மீ. கனசதுரம் வெட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். ஐஸ் பெட்டி ரகம் 5 கிராம், கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. கெட்டி ரகம் 14 கிராம். குதிகாலால் ஏறி நின்றேன், அப்படியே இருந்தது. தராசைத் திருப்பி வைத்தபோது வீட்டில், “இதுல இனிமே மஞ்சத்தூள் அளக்க முடியாதுல்ல” என்று ஒரு கேள்வி. புதுத் தராசு வாங்கிக் கொடுத்தேன். அதையும் இந்த வேலையின் செலவிலேயே எழுதியிருக்கிறேன்.

ஐசோ பற்றி விளையாட்டில்லாமல் ஒரு விஷயம். அதன் ஆவி நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு ஒவ்வாமை பதிந்துவிடும். அதன்பின் துளி பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும், அது ஆயுசுக்கும் போகாது. மூக்கில் கைக்குட்டை கட்டுவதும் கொரோனா மாஸ்க்கும் இதற்குப் பிரயோஜனமில்லை. ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி, கண்ணாடி, நைட்ரைல் கையுறை, திறந்த வெளி. துறைமுகத்துக்காரருக்கு இது எதுவும் கிடையாது. அவருக்கும் ஒரு முகமூடி வாங்கி வைத்தேன். போட்டுக்கொண்டார், ஆனால் பேசும்போதெல்லாம் கழற்றினார்.

அடுத்த பெரிய கேள்வி தண்ணீர். நுரையை முழுக்க அடைத்தால் வடிகால் ஓட்டையும் அடைந்துவிடும். நுரைக்கும் தகட்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளி கிடைத்தால் போதும், ஈரம் அங்கே குடியேறிவிடும். வெளியே இழுக்கவும் முடியாது, காயவும் காயாது. நுரை ஊற்றிய வண்டிகள் துருவில் போவது இப்படித்தான். அதனால் பெட்டியின் அடியில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் விட வேண்டும். எதை வைத்து? கொத்தனார் லெவல் டியூப் நினைவுக்கு வந்தது. ஆனால் அது பிவிசி, பாலியூரித்தேன் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதது பாலித்தீன். பண்ருட்டிப் பக்கம் வயல்களில் கிடக்கும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் பாலித்தீன்தான், 16 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒரு துண்டு வாங்கி, ரன்னிங் போர்டின் அடியில் வடிகால் ஓட்டைகளுக்கு நேர் மேலே படுக்கவைத்தேன். நுரை இறுகியதும் உருவி எடுத்துவிட்டு, கீழிருந்து ஓட்டைகளை வாய்க்கால்வரை துளைத்துவிடுவது ஏற்பாடு.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு காலை ஆறு மணி. வெயில் ஏறிவிட்டால் மருந்து கையிலேயே பொங்கிவிடும் என்று துறைமுகத்துக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு டப்பாவையும் முந்தின இரவே தண்ணீர் வாளியில் வைத்திருந்தேன். வண்டியின் முன்பக்கத்தை ஒரு அடி தூக்கி நிறுத்தினோம், மருந்து பின்னால் ஓடி அங்கிருந்து நிரம்பி வரும்படி. ஒரே ஊற்றாக ஊற்றக் கூடாது. மொத்தமாகப் பொங்கினால் நடுவில் சூடு தங்கிக் கருகும். தகடும் புடைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று ஊற்று, ஒவ்வொன்றும் 310 கிராமுக்குக் கொஞ்சம் கூட, நடுவில் இருபது நிமிஷ ஓய்வு.

கலந்த மருந்தை ஒரு அங்குல ஓட்டைக்குள் எப்படிச் செலுத்துவது என்று நான் புனல், ஹோஸ் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். கெட்டிப் பாலித்தீன் கவரில் இரண்டையும் ஊற்றி, டிரில்லில் மாட்டிய கலக்கியை உள்ளே விட்டு எட்டு எண்ணும்வரை சுற்றினார். கவரின் வாயைத் திருகி, நுனியைக் கத்தரித்து, மருதாணிக் கோன் பிழிகிற மாதிரி ஓட்டைக்குள் பிழிந்தார். இருபது விநாடிக்குள் கவர் காலி. நிறம் வெளுத்தது, கவரில் ஒட்டியிருந்த மிச்சம் கண்ணெதிரே கை முஷ்டி அளவுக்கு உப்பியது. தகட்டுக்குள் மொரமொரவென்று ஒரு சத்தம் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்தது. காதை வைத்துக் கேட்டால் எறும்புப் புற்றுக்குள் கேட்கிற மாதிரி. கை வைத்துப் பார்த்தேன், இட்லிக் குண்டான் மூடி மாதிரி சுட்டது. மூன்றாவது ஊற்றில், பார்வைக்காக விட்டிருந்த ஓட்டையில் மைசூர்பாகு நிறத்தில் ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. நிரம்பிவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். இடது பக்கச் சொட்டுநீர்க் குழாயை உருவப் போனால் இரண்டடி வந்தது, அப்புறம் பட்டென்று அறுந்தது. வெற்றுக் குழாய், நுரையின் சூட்டில் பாலித்தீன் இளகி, அழுத்தத்தில் நடுவில் சப்பையாகிவிட்டது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். 8 எம்எம் கம்பியின் முனையைச் சுத்தியலால் நசுக்கித் துளைப்பான் மாதிரி ஆக்கி, டிரில்லில் மாட்டி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து அன்று மதியம் முழுக்கப் போனது. வாய்க்கால் கிடைத்தது, ஆனால் கோணல்மாணலாக; ஓரிடத்தில் சுவர் கிழிந்து தகடு வெறுமனே தெரிகிறது என்று கம்பி உரசும் சத்தத்திலிருந்தே தெரிந்தது.

வலது பக்கத்துக்குக் குழாய்க்குள் 12 எம்எம் கட்டுமானக் கம்பியைச் செருகிவிட்டு ஊற்றினோம். கம்பியை முதலில் உருவி, பிறகு குழாயை இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வெளிச்சம் தெரிந்தது.

சென்டர் பில்லரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கும் ஊற்றினோம், ரன்னிங் போர்டோடு அது சேரும் மூட்டு வலுவாக இருக்கட்டும் என்று. சீட் பெல்ட் சுருளைக் கழற்றி வைத்திருந்தேன், போல்ட் ஓட்டைகளில் கிரீஸ் தடவிய போல்ட்டைச் செருகி அடைத்திருந்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் நுரை போய் மரையை அடைத்துக்கொண்டது. மரை போடும் டேப்பை விட்டுச் சுத்தம் செய்தேன். சீட் பெல்ட் போல்ட் விஷயத்தில் 'பரவாயில்லை, இறுகிவிட்டது' என்பதெல்லாம் கிடையாது. மரை முழுக்கப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினேன்.

முன்பக்கச் சட்டங்களில் ஊற்றவில்லை. மோதினால் மடிந்து வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகவே அந்தப் பாகம். அதை விறைப்பாக்கினால் மடிய வேண்டியது நானாகிவிடும். பின்னால் பெட்ரோல் டேங்க் பக்கமும் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது அளவு. அதே சிமென்ட் மூட்டைகள், இதற்குள் ஓரம் இறுகியிருந்தன. 1.5 மில்லிமீட்டர்.

ஆக, வெல்டிங் தந்தது 0.9. பஃப் தந்தது 0.2. வெல்டிங்குக்கு ஆன செலவு பஃப் செலவைப் போல மூன்று மடங்கு. ஆனால் அதற்குக் கிடைத்த பலன் நான்கரை மடங்கு. துருப்பிடிக்காத நல்ல வண்டியாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும், அப்போது பஃப் தரும் பத்துச் சொச்சம் சதவீதம் பெரிதாகவே தெரியும். டிங்கர் அண்ணனிடம் எண்களைச் சொன்னேன். “நான் சொன்னப்ப கம்பி கட்டி அளக்கணும்னு உனக்குத் தோணுச்சு” என்றார்.

வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் தினசரி ஓட்டத்துக்கு எடுத்தேன். ரன்னிங் போர்டை வெட்டி ஒட்டிய வண்டியில் அது கட்டாயம். அளவில் 0.2 தானே என்றாலும் ஓட்டும்போது நான் எதிர்பார்க்காத ஒரு மாற்றம்: அமைதி. முன்பெல்லாம் பெண்ணையாற்றுப் பாலத்து ஜாயின்டுகள் ஒவ்வொன்றும் தகர டப்பாவில் கல் விழுந்த மாதிரி கேட்கும். இப்போது 'தொப்' என்று மட்டும். வெற்றுப் பெட்டி மத்தளம் மாதிரி ஒலித்ததை நுரை அடக்கிவிட்டது. பாகூர் ஏரிப் பக்கத்து வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின்பக்கமும் கூடவே வருகிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அது வெல்டிங் முடிந்த அன்றே வந்துவிட்டது. பஃப்புக்குப் பிறகு வளைவில் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிற மாதிரி இருக்கிறது என்பேன்; கண்ணைக் கட்டி ஓட்டச் சொன்னால் பந்தயம் கட்ட மாட்டேன். அது புது ஷாக் அப்சார்பர்கள் கடைசியில் தங்கள் வேலையைச் செய்ய ஆரம்பித்ததாகவும் இருக்கலாம். பாவம், அவற்றை வாங்கிய அன்று கடைக்காரரைத் திட்டினேன்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரன்னிங் போர்டுக்குள் இருப்பது ஆர்.சி.யில் வரும் விவரம் இல்லை. ஆனாலும் என் வண்டிக்கு மறுபடி எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போது கேட்டால் மறைக்காமல் சொல்லத்தான் போகிறேன்.

நான் அதிகம் பயப்படுவது எனக்குப் பிறகு இந்த வண்டியைத் தொடப் போகிறவரைப் பற்றி. பாலியூரித்தேன் எரியும், புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். விஷயம் தெரியாமல் யாராவது ரன்னிங் போர்டில் வெல்டிங் வைத்தால் பெட்டிக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். அதனால் நான்கு கதவு நிலையிலும் மஞ்சள் பெயின்டில் எழுதிவைத்தேன்: 'உள்ளே பஃப். வெல்டிங் வைக்காதே.' டிங்கர் அண்ணன் அதைப் படித்துவிட்டு, 'வைக்காதீர்கள்னு மரியாதையா எழுதக் கூடாதா' என்றார். பெயின்ட் காய்ந்துவிட்டிருந்தது.

வாய்க்காலுக்குள் இப்போதுதான் மெழுகு அடித்திருக்கிறேன், நுரை ஒட்டி முடிந்த பிறகு. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை வைத்து வடிகால் ஓட்டைகளைக் குத்திவிடுவது வழக்கம். போன வாரம் இரண்டு நாள் அடைமழை நின்றதும், இரண்டு பக்கத்துக்கும் அடியில் ஒவ்வொரு டீ கிளாஸ் வைத்துவிட்டுக் குத்தினேன். வலது பக்கத்தில் கால் கிளாஸ் வந்தது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. இடது பக்கத்தில் அரை கிளாஸ். லேசாகக் காவி நிறம். கிழிந்த இடம் சென்டர் பில்லருக்குக் கொஞ்சம் முன்னால் என்று என் கணக்கு. மழை ஓய்ந்ததும் அங்கே ஒரு ஓட்டை போட்டுக் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.